விழுகிற பூனை

(இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், வாணி விழா அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, வணக்கம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையோடு போட்டி போட்டுக் கத்த எனக்குத் தொண்டை இல்லை, கொஞ்சம் நெருங்கி வாருங்கள்.

சரஸ்வதி பூசைக்கு வந்த வாத்தியார் ஏன் பூனையைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்பீர்கள். போன வாரம் என் வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் சண்டை. எப்படிப் போட்டாலும் பூனை நாலு காலில்தான் விழும் என்கிறான் ஒருவன். இல்லை என்கிறான் மற்றவன். தீர்ப்புக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, தேயிலை அரைக்கிற ஸ்டோர்ப் பூனையைப் பிடித்துக்கொண்டு கொழுந்து வாட்டுகிற மேல் மாடிக்கு ஏறுவது! நல்லவேளை, என் காதுக்கு எட்டியது. தடுத்தவன் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? அந்தக் கடனைத்தான் இன்றைக்கு அடைக்கிறேன்.

பெரும்பாலும் காலில்தான் விழும். எப்போதும் அல்ல. காலில் விழுந்த பூனையெல்லாம் பிழைக்கும் என்பதும் இல்லை.

எனக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். லய வரிசையில் கடைசி வீடான எங்கள் தொங்கல் காம்பராவில், அடுப்புக்கு மேலே விறகு அடுக்கிய பரணில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கண் திறந்து சில நாள்தான் இருக்கும். ஒரு குட்டி விளிம்புக்கு ஊர்ந்து வந்தது. பூனைதானே, திரும்பிக்கொள்ளும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அது திரும்பவில்லை. சீமெந்துத் தரையில் முதுகு பட விழுந்தது. குட்டிக்கு அந்த வித்தை பிறவியிலேயே கைவந்துவிடுவதில்லை. மூன்று, நாலு வாரத்தில்தான் தலைகாட்டும், ஆறு ஏழு வாரத்தில்தான் முழுசாகப் படியும். கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம்.

வளர்ந்த பூனைக்கு உள்காதில் சமநிலை உறுப்பு இருக்கிறது. எது மேல், எது கீழ் என்று அது உடனே சொல்லிவிடும். முதலில் தலை திரும்பும். அதன் பின்னால் முன்னுடல், அதன் பின்னால் பின்னுடல். நமக்குத் தோளைப் பூட்டி வைத்திருக்கிற காறை எலும்பு, பூனைக்குத் தசைக்குள் மிதக்கிற சின்னத் துண்டுதான். முதுகெலும்பு அப்படி வளையும்.

இதில் ஒரு புதிர் உண்டு. அந்தரத்தில் மிதித்துத் திரும்ப ஒன்றுமில்லை. சுழலாமல் விழுகிற ஒரு பொருள் தானாகச் சுழலத் தொடங்க முடியாது என்பது இயக்கவியல். பிறகு எப்படித் திரும்புகிறது? கேம்பிரிட்ஜில் இருந்த மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானியையும் இது விடவில்லை. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கணக்கில் கட்டியவர்! அவர் பூனைகளை ஜன்னலால் எறிந்தார் என்று அவர் படித்த கல்லூரியில் ஒரு கதை உலாவியது. 1870இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அதை மறுக்கிறார். பூனை எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்றுதான் பார்த்தாராம், அதுவும் மேசைக்கோ கட்டிலுக்கோ இரண்டு அங்குலம் மேலேயிருந்து விட்டு. பையன்களே, அவ்வளவுதான் உயரம்!

1894இல் எத்தியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர், விழுகிற பூனையை அடுத்தடுத்துப் படமாகப் பிடித்து பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டினார். அங்கிருந்த பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடித்திருந்தவன் கையை உதைத்துத்தான் பூனை சுழன்றிருக்கும் என்று சிலர் சாதித்தார்கள். படத்திலோ, கையை விட்டுப் பிரிந்த பிறகுதான் அது திரும்பவே தொடங்குகிறது.

இப்போது அம்மாமார் சொல்லுங்கள். ஈரச் சேலையை இரண்டு பேர் பிடித்துப் பிழிகிறபோது என்ன நடக்கிறது? ஒரு முனை இந்தப் பக்கம், மற்ற முனை அந்தப் பக்கம். சேர்த்துப் பார்த்தால் சுழற்சி பூச்சியம். பூனையும் தன்னைப் பிழிகிறது, ஆனால் தந்திரமாக. முதலில் முன்னங்காலை மடக்கி மார்போடு ஒட்டி, பின்னங்காலை விரித்துக்கொள்கிறது. ஒடுங்கிய முன்பாதி நிறையத் திரும்பும், விரிந்த பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே திரும்பும். அடுத்து முன்காலை நீட்டி, பின்காலை மடக்குகிறது. இந்த முறை பின்பாதி நிறையத் திரும்பும். நடுவில் முதுகு வளைந்திருப்பதும் கூடவே உதவுகிறது. 1969இல் கேன், ஷெர் என்ற இருவர் பூனையை இடுப்பில் வளைந்த இரண்டு உருளைகளாக வைத்து இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். விண்வெளியில் மிதப்பவர்கள் உடம்பைத் திருப்பவும் அந்தக் கணக்கு பயன்படும்.

வால் இல்லாவிட்டால்? மாங்க்ஸ் இனத்தில் வாலே இல்லாத பூனை உண்டு. அதுவும் திரும்புகிறது.

ஆனால் திரும்ப நேரம் வேண்டும். ஒரு மீற்றர் விழ 0.45 செக்கன், அது போதும். நீங்கள் மடியில் வைத்திருக்கிற பூனை மல்லாக்க நழுவினால் அவ்வளவு நேரம் கிடைக்காது.

உயரத்துக்கு வருவோம். ஸ்டோர் மேல் மாடி 12 மீற்றர் என்று வையுங்கள். காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீற்றர். நியூயோர்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவத்துக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஒரு கட்டுரை வந்தது. 90 வீதம் பிழைத்தன. அதைவிட அதிசயம், ஏழு மாடி வரை கூடிக்கொண்டே போன காயம், அதற்கு மேலே குறைந்ததாம். ஒன்று 32 மாடி விழுந்தும் பிழைத்தது. விளக்கமும் சொன்னார்கள்: விழும் வேகம் மணிக்கு நூறு கிலோமீற்றரை எட்டியதும் அதற்கு மேல் அதிகரிக்காது, அப்போது பூனை விறைப்பை விட்டு, நம்ம காட்டுப் பறக்கும் அணில் மாதிரி உடம்பை விரித்துக்கொள்ளுமாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். பதினைந்தாம் மாடியிலிருந்து விழுந்து அந்த இடத்திலேயே செத்த பூனையை யார் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவார்? அது அந்த 132இல் இல்லை. பிறகு குரோஷியாவில் ஸாக்ரெப் நகரத்து வைத்தியர்கள் 119 பூனைகளைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். அவர்களுக்கு ஏழாம் மாடியிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ விழுந்தவைக்குத்தான் காயம் கடுமை. நான் அவர்கள் பக்கம். காலில் வந்து இறங்கினாலும் அந்த வேகத்தில் மார்பும் தாடையும் தரையில் இடிக்கும். அண்ணம் பிளக்கும், நுரையீரலில் அடி படும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமல் போகலாம்.

நம்ம லயத்திலும் கணக்கு அதே மாதிரிதான். கூரையிலிருந்து குதித்து ஒன்றும் ஆகாமல் போன பூனையைப் பற்றி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்து வருடம் பேசுகிறோம். தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கிடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பின்னால் ஒரு கை தூக்கியிருக்கிறது. கேளு தங்கச்சி. பரணிலிருந்து விழுந்த குட்டிக்கு என்ன ஆச்சு? பிழைத்தது. அம்மாயி பழைய கம்பளித் துண்டில் சுற்றி அடுப்பு மூலையில் வைத்தாள், பின்கால் ஒன்று கோணலாகவே நின்றுவிட்டது. ஆனால் வளர்ந்த பிறகும் அது பரணில் ஏறும். இறங்கத்தான் தெரியாது. என்னைப் பார்த்துக் கத்தும், நான் பெஞ்சு போட்டு ஏறி இறக்கிவிட வேண்டும்.