மூன்றாவது குவளை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், சபைக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். துப்பறிவாளர் ரமோட்ஸ்வேயை நாம் நெருங்கி அறிவது அவர் துலக்கும் வழக்குகளாலா, அவர் வாழும் வாழ்க்கையாலா? வாழ்க்கையால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காக நாலு வரி. அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் என்ற சட்டப் பேராசிரியர் 1998இல் தொடங்கிய நாவல் வரிசை இது. அவர் போட்ஸ்வானாவில் சட்டம் கற்பித்தவர். கதை நடப்பதும் அங்கேதான், தலைநகர் காபரோனில். நாட்டின் பெரும்பகுதி கலஹாரி. மழை அவ்வளவு அருமையானது என்பதால் தங்கள் நாணயத்துக்கே ‘புலா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புலா என்றால் மழை. கதைப்படி அந்த நாட்டின் ஒரே பெண் துப்பறிவாளர் ப்ரெஷஸ் ரமோட்ஸ்வே. அங்கே பெண்களை மரியாதையாக அழைக்க ‘ம்மா’ என்று பெயருக்கு முன்னால் சேர்ப்பார்கள். ம்மா ரமோட்ஸ்வே. நாம் ‘வாங்கம்மா, சொல்லுங்கம்மா’ என்று கடைசியில் வைப்பதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த ஒரு எழுத்திலேயே அந்தப் பெண்மணி பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால் இனி ‘இந்த அம்மா’ என்றே சொல்கிறேன்.

ஐந்து கருத்துகள் எழுதி எடுத்து வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். ‘வழக்குகளை எடுத்துவிட்டால் இந்த நாவல்களில் மிஞ்சுவது ஒரு டீப்பாத்திரம்தான். டீ குடிப்பதெல்லாம் துப்பறிதல் என்றால் நம் ஊரில் டீக்கடைக்குப் பத்துத் துப்பறிவாளர்கள் இருப்பார்கள்’ என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் என் ஐந்து கருத்துகளுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் அவர்களே, அந்த டீப்பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நாவல் எப்படித் தொடங்குகிறது? கொலையோடு இல்லை, காணாமல் போன நகையோடும் இல்லை. கலே குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன அலுவலகம். அதன் சொத்து என்னென்ன என்று ஒரு கணக்கு வருகிறது. ஒரு குட்டி வெள்ளை வேன். இரண்டு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு தொலைபேசி, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம். அப்புறம் நீங்கள் சொன்ன அந்த டீப்பாத்திரம். அதோடு மூன்று குவளைகள்.

எத்தனை பேர் வேலை பார்க்கும் அலுவலகம்? இரண்டு பேர். இந்த அம்மா ஒருவர், செயலாளர் மகுட்சி ஒருவர். அப்படியானால் மூன்றாவது குவளை யாருக்கு?

வாசலில் தயங்கி நிற்கும் ஆளுக்கு. துப்பறிவாளரைத் தேடி யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கணவன் மேல் சந்தேகம் வந்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் மூன்று மாதம் புழுங்கிய பெண் வருவாள். பிள்ளையைத் தொலைத்த தாய் வருவாள். அவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் வாய் திறக்குமா? ஒரு குவளையைக் கையில் கொடுத்து, அது ஆறுகிற வரை சும்மா உட்கார்ந்திருந்தால் வரும். நம் ஊரிலும் துக்கம் கேட்கப் போன வீட்டில் முதலில் வருவது ஒரு டம்ளர் காப்பிதானே? அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதானே பேச்சே தொடங்குகிறது? பணம் இல்லாத நாளிலேயே வரப்போகும் ஆளுக்கு ஒரு குவளை வாங்கி வைத்த மனுஷி இவர். முதல் வழக்கு கதவைத் தட்டுவதற்கு முன்பே எனக்கு இந்த அம்மாவைத் தெரிந்துவிட்டது.

அந்த டீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தேயிலையே இல்லை. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பக்கம் விளையும் ரூய்போஸ் என்ற புதர். கொதிக்க வைத்தால் செக்கச்செவேலென்று இறங்கும். இந்த அம்மாவுக்கு உயிர். மகுட்சி யார் தெரியுமா? போட்ஸ்வானா செயலாளர் கல்லூரியில் இறுதித் தேர்வில் 97 சதவீதம் வாங்கியவர். பெரிய மூக்குக் கண்ணாடி. போபோனோங் என்ற சிற்றூரிலிருந்து வறுமையோடு வந்தவர். அந்த மகுட்சிக்கு இந்தச் செம்புதர் டீ பிடிக்காது. பிடிக்காமலே, ஒரு வார்த்தை பேசாமல், முதலாளியம்மா ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துக்கொண்டே இருந்தார். வெகுகாலம் கழித்துத்தான் துணிந்து சொல்கிறார், எனக்குச் சாதாரண டீதான் பிடிக்கும் என்று. ஊர் ரகசியத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற அம்மாவுக்கு எதிர் மேசையில் இருந்த ரகசியம் தெரியவில்லை! அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் என் வீட்டில் இருப்பவர்களை ஒரு தடவை பார்த்தேன். யாருக்கு எது பிடிக்காமல் சாப்பிடுகிறார்களோ என்று. எந்த வழக்கு என்னை அப்படிப் பார்க்க வைத்தது?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சகோதரி முதலை வழக்கைச் சொன்னார். ஆற்றில் ஞானஸ்நானம் எடுக்கப் போன கணவன் திரும்பவில்லை. இந்த அம்மா இரவில் துப்பாக்கியோடு காத்திருந்து, முதலையைச் சுட்டு, அதன் வயிற்றில் அவன் கைக்கடிகாரத்தைக் கண்டுபிடிக்கிறார். சகோதரி அருமையாகச் சொன்னார், எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் கடிகாரம் கிடைத்ததோடு நிறுத்திவிட்டார். அதற்கு அப்புறம் அந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு இந்த அம்மா அந்த மனைவியிடம் போகிறாரே, அந்த இடம்? நான் திரும்பப் படிப்பது அந்த இடத்தைத்தான்.

சரி, வழக்குதான் வேண்டும் என்றால் நானும் ஒன்று சொல்கிறேன். என் வார்த்தையில், கொஞ்சம் நிதானமாக.

ஹாப்பி பபெட்சி என்று ஒரு பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா வளர்த்து ஆளாக்கினார். நல்ல வேலை, சொந்த வீடு, சொந்தமாகக் கார். அம்மா காலமாகிவிட்டார். ஒரு நாள் கதவு தட்டப்படுகிறது. திறந்தால், பையோடு ஒருவர். ‘நான்தான் உன் அப்பா’ என்கிறார்.

அப்பா என்ற சொல்லுக்காக வாழ்நாள் எல்லாம் ஏங்கிய பெண் என்ன செய்வாள்? உள்ளே அழைத்தாள், உட்கார வைத்தாள், சமைத்துப் போட்டாள். அவர் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதைக் கொண்டு வா, இதைச் செய். மகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள், அப்பா நாற்காலியில் இருக்கிறார். நாள் ஆக ஆக அவளுக்கு ஒரு சந்தேகம். இவர் அப்பாதானா? ஆனால் எப்படிக் கேட்பது? ஒருவேளை உண்மையிலேயே அப்பாவாக இருந்துவிட்டால், வீடு தேடி வந்த அப்பாவைத் துரத்திய பாவம் வந்து சேராதா? இந்தத் தவிப்போடுதான் அந்த மூன்றாவது குவளைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

நம் மரியாதை ராமன் கதைகளில் வருவது போன்ற வழக்கு. இந்த அம்மா என்ன செய்தார்? ஒரு நர்ஸின் உடுப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். உடுப்பில் சிவப்புக் கறை. வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு நேராக அந்த வாசலுக்குப் போனார். மகள் வீட்டில் இல்லாத நேரம்.

‘நீங்கள்தான் ஹாப்பியின் அப்பாவா?’

‘ஆமாம். நான்தான் அவள் அப்பா.’ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்.

‘உங்கள் மகள் விபத்தில் மாட்டிக்கொண்டாள். ஏராளமான ரத்தம் போய்விட்டது. அப்பாவின் ரத்தம் வேண்டும்.’

‘ரத்தமா... கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.’

‘கொஞ்சம் போதாது ஐயா. நிறைய வேண்டும். அவ்வளவு எடுத்தால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் மகள் பிழைத்துவிடுவாள்.’

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்த ஆளின் பக்கத்திலிருந்து இதை மறுபடியும் பாருங்கள். ஒரு மனிதன் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். நம் முகாம்களில் 350 மில்லி எடுப்பதற்கே சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு அம்மா எல்லாவற்றையும் கேட்கிறார். சற்று முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து ‘நான்தான் அப்பா’ என்றாரே, அவர் இப்போது என்ன சொல்ல வேண்டும்? ‘நான் வருகிறேன்’ என்று சொல்லலாம். ‘பயமாக இருக்கிறது’ என்று அழலாம். ‘என் மகளை ஒரு தடவை பார்க்க விடுங்கள்’ என்று கெஞ்சலாம். இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் அவரை அப்பா என்று நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அவர் சொன்னது, ‘நான் அவள் அப்பா இல்லை.’

உண்மையான அப்பா செத்துப்போயிருந்தார். இந்த ஆள் அதைத் தெரிந்துகொண்டு ஒட்டிக்கொள்ள வந்தவர். நாற்காலி காலியானது.

எதிரணி இப்போது சிரிக்கிறது. ‘பார்த்தீர்களா, நீங்களே ஒரு வழக்கைத்தான் சொன்னீர்கள், அதன் சாமர்த்தியத்தால்தானே சபை கைதட்டியது’ என்று கேட்கத் தோன்றும். ‘உண்மையான அப்பாவும் உயிருக்குப் பயப்படலாமே, அவரும் பொய் சொல்லித் தப்பிக்கலாமே’ என்றும் கேட்கலாம். பயப்படலாம். ஆனால் நான் அப்பா இல்லை என்று அவர் வாய் சொல்லாது. அவ்வளவு உறுதியாக இந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது? துப்பறிதலைக் கற்றுத்தரும் கையேடு ஒன்றை அவர் எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பார். ஒரு அப்பா எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்பதை அவர் அதில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அவருக்கு அது தெரிந்தது ஓபெட் ரமோட்ஸ்வேயால். அவருடைய அப்பா. பிழைப்புக்காக எல்லை தாண்டி தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். பூமிக்கு அடியில், தூசிக்குள், பல வருடம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. கிடைத்த கூலியை வீணாக்காமல் ஊரில் மாடுகளாகச் சேர்த்தார். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம். போட்ஸ்வானாவில் அந்தப் பொருள் இன்னும் மாறவில்லை. தாயில்லாத குழந்தையை மொச்சுடி என்ற ஊரில் ஓர் உறவுக்காரப் பெண் வளர்த்தார். ஆடுகளை எண்ணவும், போகிற வழியில் பார்த்ததை நினைவில் வைத்துச் சொல்லவும் பழக்கினார். துப்பறிவாளருக்குக் கிடைத்த பயிற்சிக்கூடம் அந்த வீட்டு முற்றம்தான், ஐயா.

அப்புறம் அந்தப் பெண் வளர்ந்து, ஒரு இசைக்காரனை நம்பிக் கல்யாணம் செய்தார். நோட் மொகோட்டி. அடித்தான். பிறந்த குழந்தையும் சில நாளில் போய்விட்டது. எல்லாம் இழந்து அவர் திரும்பிப் போனது எங்கே? அப்பாவிடம். மாட்டைப் பார்த்தே அதன் குணம் சொல்லக்கூடியவர் ஓபெட். மகளைப் பார்த்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், இப்போது பேசும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சுரங்கத் தூசி கடைசியில் அவரைப் படுக்கையில் போட்டது. 180 மாடுகள் சேர்த்து வைத்திருந்தார். நான் போன பிறகு இவற்றை விற்றுச் சொந்தமாக ஒரு தொழில் வைத்துக்கொள் என்றார் மகளிடம். மாமிசக் கடையோ வேறு ஏதாவது கடையோ வைப்பாள் என்று அவர் நினைப்பு. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், துப்பறியும் நிலையம் வைக்கப் போகிறேன் அப்பா, காபரோனில், போட்ஸ்வானாவிலேயே முதல் தரமானதாக. ஓபெட்டின் கண்கள் அகல விரிந்தன. ‘ஆனால்... ஆனால்...’ என்றார். அதற்குமேல் மூச்சு இல்லை.

அந்தக் கலே குன்று அலுவலகம், வெள்ளை வேன், மேசை, அண்ணன் கேலி செய்த டீப்பாத்திரம், மூன்று குவளை எல்லாமே அந்த மாடுகள். பூமிக்கு அடியில் அந்த மனிதர் மூச்சைக் கொடுத்து வாங்கியவை. ரத்தம் கொடுப்பீர்களா என்று இந்த அம்மா அந்தப் போலி அப்பாவைக் கேட்டாரே, தன் அப்பா ஏற்கெனவே கொடுத்ததைத்தான் கேட்டார்.

அந்த ‘ஆனால்’ என்னவாக இருக்கும்? பெண்ணால் முடியுமா என்று கேட்க வந்தாரா, என் மாடுகளா என்று கேட்க வந்தாரா, எந்த நாவலிலும் பதில் கிடையாது. எனக்கு ஒரு ‘ஆனால்’ தெரியும். பட்டிமன்றத்தில் பேசப் போகிறேன் என்று முதன்முதலில் வீட்டில் சொன்ன அன்று என் அப்பா தொடங்கினார். ‘ஆனால்... ராத்திரி எப்படிம்மா திரும்பி வருவே?’

வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.