வட்டு எறிந்த பீமன்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை மகாபாரதம் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1988 அக்டோபரில் தொடங்கியது. திருவாரூர் பக்கம் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் டிவி. வசனம் இந்தி, யாருக்கும் புரியாது. கதை தெரியும், அது போதும். பீமன் கதாயுதத்தோடு வந்ததும் திண்ணை வரை சத்தம் எழும்.

அந்த பீமன் பிரவீண் குமார் சோப்தி. பஞ்சாப்காரர், எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். 1966 ஆசிய விளையாட்டில், பாங்காக்கில், வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர். 1970இல் அதே பாங்காக்கில் மறுபடியும் தங்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். எல்லோரும் கதாயுதத்தைப் பார்த்தபோது நான் அவர் காலைப் பார்த்தேன்.

வட்டின் எடை இரண்டு கிலோ, அவ்வளவுதான். நிற்கும் வட்டத்தின் குறுக்களவு இரண்டரை மீட்டர். அதற்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி எறிய வேண்டும். வட்டு தரையைத் தொடும்வரை கால் வெளியே போகக் கூடாது. எறிவது கைதானே என்று நினைப்போம். இல்லை, எறிவது கால்.

இதை எனக்குக் காட்டியவன் ஒரு மாணவன். சம்பா நடவு சமயம், நாலு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. தேடிப் போனேன். வயலில் நின்று நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, வீசிக்கொண்டிருந்தான். நடுகிற பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கையெட்டும் இடத்தில் ஒரு முடி போய் விழுகிறது, யார் மேலும் சேறு தெறிக்கவில்லை. “எப்படிடா?” என்றேன். “கால் சேத்துல புதைஞ்சிருக்கு சார், இடுப்பைத்தானே திருப்ப முடியும்” என்றான். கால் ஊன்றி நிற்க, இடுப்பு திரும்ப, கடைசியில் மணிக்கட்டு விடுகிறது. பத்து வருஷம் நான் விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சேற்றில் இருந்தது! அறுவடை முடிந்ததும் அதே வயலில் கயிறு கட்டி வட்டம் போட்டு அவனை எறிய வைத்தேன்.

பீமனிடமும் அதைத்தான் பார்த்தேன். கதாயுதம் தோளுக்கு ஏறும் முன் கால் ஊன்றிவிடும். எறிந்து பழகிய உடம்பு அது. கால், நேயர்களே, கால்.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அவருடைய திரைப்படங்களைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன். 1990இல் மைக்கேல் மதன காமராஜனில் கமல்ஹாசனுக்குப் பக்கத்தில் பீம் பாயாக நின்றவர் இவர்தான், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சங்கிலிக் குண்டும் எறிவார், 1966 கிங்ஸ்டன் காமன்வெல்த்தில் அதற்கு வெள்ளி. மெக்சிகோ, மியூனிக் என்று இரண்டு ஒலிம்பிக். 2022 பிப்ரவரியில் காலமானார். அடுத்த முறை பீம் பாய் திரையில் வந்தால் அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.