சால்மன் மீனும் வெண்டைக்காய் மண்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் மீன் என்றால் தொண்டிக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவதுதான். நான் இன்றைக்குப் பேச வந்திருப்பதோ அந்தக் கடலில் அகப்படாத ஒரு மீனைப் பற்றி. என் சமையல் வகுப்புக்கு வரும் ஆச்சி ஒருவர் போன மாதம் கேட்டார்: "பிள்ளைக வெளிநாட்டுல இருந்து வந்தா சால்மன் வேணும்ங்குதுக. வாங்கி ஃப்ரீசர்ல போட்டுட்டேன். அதை என்ன பண்றது, கூட என்ன வைக்கிறது?" அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கடையில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதிப் போட்டிருந்தால் அது நம்ம காலா மீன். செவுளுக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குமே, அதுதான். குழம்புக்கு அருமையான மீன். ஆனால் நிஜ சால்மனுக்கும் அதற்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. சால்மனுக்குச் சொந்தம் என்றால், நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனைச் சொல்லலாம். சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும். கடைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் கடலுக்குள் வலைக்கூண்டு கட்டி வளர்த்தது. காலாவின் சதை வெள்ளை. இதன் சதை ஆரஞ்சு. சாயம் ஏற்றியிருக்கிறார்களோ என்று நானும் முதலில் தண்ணீரில் போட்டு அலசிப் பார்த்தேன். கடலில் திரிகிற சால்மனுக்கு அது தின்னும் கூனி இறால் வகைகளிலிருந்து அந்த நிறம் ஏறுகிறது. வளர்ப்பு மீனுக்கு அதே நிறச்சத்தைத் தீவனத்தில் கலக்கிறார்கள்.

நான் முதன்முதலில் இதைச் சமைத்தது சிங்கப்பூரில், மகள் வீட்டில். தேக்கா சந்தையில் பளபளவென்று இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, நம் வழக்கப்படி புளியைக் கரைத்து, மசாலா அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். கொதித்து இறக்குவதற்குள் மீன் உதிர்ந்துவிட்டது. மேலே விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதக்கிறது. மாப்பிள்ளை கரண்டியை விட்டுத் துழாவிவிட்டு, "குழம்பு நல்லா இருக்கு அயித்தை, மீன் எங்கே?" என்றார். முப்பது வருஷம் மீன் குழம்பு வைத்த கைக்கு வந்த சோதனை!

பிறகுதான் யோசித்தேன். வளர்ப்பு சால்மனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கிறது. அது தன் எண்ணெயிலேயே வேகிற மீன். அதன்மேல் நல்லெண்ணெயும் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றினால் திகட்டாமல் என்ன செய்யும்? ஆகவே புளிப்பும் காரமும் துவர்ப்பும் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கட்டும். மீனுக்கு உப்பும் மிளகும் சோம்பும் போதும்.

சோம்பு ஏன் என்றால், ஸ்வீடன், நார்வேப் பக்கத்தில் சால்மனுக்கு 'டில்' என்ற இலையைத்தான் தூவுகிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று விதையாக விற்கிறதே, அந்தச் செடியின் தழை. சோம்பும் சதகுப்பையும் ஒரே குடும்பம். செட்டிநாட்டு அடுப்படியில் சோம்புக்கா பஞ்சம்? கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ மூன்றும் டப்பாவிலேயே இருக்கட்டும். கோழிக்கு அழகாக இருக்கிற மணம் இந்த மீனை அமுக்கிவிடும்.

உறைந்த துண்டை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். சதையை விரலால் தடவிப் பார்த்தால் நடுவே முள் வரிசை நெருடும். புருவம் திருத்துகிற சாமணத்தால் இழுத்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து அதில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். வேகும்போது தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகக் கசியுமே, அது குறையும். அது கெட்டுப்போன அடையாளமில்லை, மீனின் புரதம்தான். பிறகு துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் தோல் முறுகாது.

ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சோம்பு, இரண்டையும் அம்மியில் கொரகொரப்பாகப் பொடித்துச் சதைப் பக்கம் மட்டும் தடவுங்கள். மஞ்சள் தூள் வேண்டுமானால் ஒரு சிட்டிகை. தோசைக்கல்லில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் தேய்த்து, மிதமான தீயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நாலைந்து நிமிடம் தொடாதீர்கள். கைதான் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கீழிருந்து மேலாக வெளுத்துக்கொண்டே வரும். முக்கால் உயரம் வெளுத்ததும் திருப்பி, இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஓர் அங்குலக் கனத் துண்டுக்கு இந்தக் கணக்கு. வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுச்சதையில் 63 டிகிரி செல்சியஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பக்கத்தில் என்ன வைப்பது? என் முதல் ஓட்டு வெண்டைக்காய் மண்டிக்கு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்துக்கொள்ள வேண்டும். வெண்டைக்காயைப் பிசுபிசுப்புப் போகத் தனியே வதக்கி எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சைமிளகாய் வதக்கி, கரைத்த புளியை ஊற்றிக் கொதித்ததும் வெண்டைக்காயைச் சேர்த்துச் சுண்டவிட வேண்டும். தேங்காய் கிடையாது, மசாலாப் பொடி கிடையாது. அந்தக் கழனித் தண்ணீர்தான் மண்டிக்குக் கெட்டித்தன்மை. சால்மனில் ஒரு வாய், மண்டியில் ஒரு வாய், வெறும் சோறு. எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வழித்துக்கொண்டு போய்விடும்.

மாங்காய்க் காலமாக இருந்தால் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி. முருங்கைக்கீரைப் பொரியலும் பொருந்தும், தேங்காயைக் குறைத்துப் போட்டால். காலைப் பலகாரம் என்றால் இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோஸ்மல்லியும் வைத்து, மீனைச் சிறு துண்டாக ஓரத்தில். மேல்நாட்டில் இதற்குத் தயிரில் செய்த சாஸ் ஊற்றுவார்கள். என் அப்பத்தா மீன் சமைத்த நாளில் தயிர்ச் சட்டியையே வெளியே எடுக்கமாட்டார். எனக்கும் கை வராது. எலுமிச்சை பிழிந்து முடித்துக்கொள்கிறேன், அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளிடம் தோற்றேன். பர்மாவுக்குப் போன நம் முன்னோர் கொண்டுவந்த கவுனி அரிசியை, சர்க்கரை போடாமல் உப்பு மட்டும் போட்டுக் குழைய வேகவைத்து, அதன்மேல் சால்மனை வைத்தாள். "கவுனிக்கு இது அவமானம்டி" என்றேன். தின்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ராத்திரி முழுக்க ஊறிய கவுனிக்கு ஒரு பிடிமானம் உண்டு. வாயில் கரைகிற மீனுக்கு அது நல்ல ஜோடி.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்று சிலர் நினைப்பீர்கள். வேண்டியதில்லை. டாக்டர்கள் சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு மத்தி மீனிலும் நிறைய இருக்கிறது. அதற்கும் இதே மிளகு சோம்புதான், இதே மண்டிதான். முள்தான் கூட.

மிஞ்சின சால்மனை மறுபடி சூடு பண்ணாதீர்கள், வீடே நாறும். மறுநாள் காலையில் தோலை நீக்கி உதிர்த்து, சுறாப்புட்டு மாதிரி செய்துவிடுங்கள். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கருவேப்பிலை எல்லாம் பொடியாக நறுக்கி வதக்கி, மீனைக் கடைசியில் போட்டு ஒரே ஒரு பிரட்டு. எண்ணெய் சுறாவுக்கு ஊற்றுவதில் பாதி போதும். ரசம் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்ட மாப்பிள்ளை, "இன்னைக்கு மீன் இருக்கு அயித்தை" என்றார்.

வணக்கம்.