ஐநூறா, ஆயிரமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி நாட்களில் இரண்டு கோடை விடுமுறைகளை மாமாவின் ஜவுளிக்கடையில் கழித்தேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டைத் துணியும்தான். புடவைப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "மூவாயிரத்துக்குள்ள ஒரு பட்டு காட்டுங்க" என்று ஒரு அம்மா கேட்டால், அவர் கை நேராக எட்டாயிரம் ரூபாய் அடுக்குக்குப் போகும். "வாங்க வேண்டாம்மா, சும்மா பாருங்க" என்று முந்தானையை விரித்துப் போடுவார். அந்த அம்மா ஜரிகையைத் தடவுவார், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார், சட்டென்று கையை எடுத்துக்கொள்வார். அப்புறம்தான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புடவை இறங்கும். இப்போது அது மலிவாகத் தெரியும். அதையே முதலில் காட்டியிருந்தால், "ஆயிரத்து ஐந்நூறு கூடவா!" என்று எழுந்து போயிருப்பார்.

அண்ணாச்சி பொய் ஒன்றும் சொல்லவில்லை. எதை முதலில் காட்டுவது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

புடவை விஷயத்தில் ஏமாந்தால் ஆயிரம் ரூபாயோடு போகும். உயிர் விஷயத்திலும் நாம் இப்படித்தானா? 1982இல் அமெரிக்காவில் மெக்நீல், டிவெர்ஸ்கி முதலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தால் அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். சிலரிடம், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் சிகிச்சைக் கட்டத்தைத் தாண்டிப் பிழைக்கிறார்கள் என்றார்கள். வேறு சிலரிடம், 10 பேர் அந்தக் கட்டத்திலேயே இறந்துவிடுகிறார்கள் என்றார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் 'பிழைக்கிறார்கள்' என்று கேட்டவர்கள் அறுவை சிகிச்சையின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். 'இறக்கிறார்கள்' என்று கேட்டவர்களில் இன்னும் பலர் கதிர்வீச்சுக்குத் தாவினார்கள். சரி, நோயாளிகள் பயந்திருப்பார்கள் என்று விட்டுவிடலாம். இதே கேள்விக்குப் பதில் சொன்ன மருத்துவர்களும் அதே போலத்தான் சாய்ந்தார்கள்! எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடம் அதுதான். படித்தவன் தப்பித்துக்கொள்வான் என்று நினைத்திருந்தேன்.

வார்த்தையைக்கூட மாற்ற வேண்டாம், சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை மாற்றினாலே போதும். ஆஸ்திரியாவில், மறுப்பு எழுதிக் கொடுக்காதவர் எல்லோரும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்கள் என்பது சட்டம். ஜெர்மனியில், சம்மதம் என்று நாமாகச் சொல்ல வேண்டும். 2003இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் கணக்குப்படி, ஆஸ்திரியாவில் சம்மதம் 99.98 சதவீதம், ஜெர்மனியில் 12. பக்கத்துப் பக்கத்து நாடுகள், பேசும் மொழியும் ஒன்று.

இந்த 99.98ஐ மேடைக்கு மேடை கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. படிவத்தைத் தொடாமல் இருந்தவர் எல்லோரும் மனதார 'சரி' சொன்னவர்களா? நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் சம்மதிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, அழுது வீங்கிய கண்களோடு நிற்கும் ஒரு மனைவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தச் சொல்லில் தொடங்குவது, யார் கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது என்பதெல்லாம் அங்கே பதிலோடு சேர்ந்தே வருகிறது. தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023இல் தமிழக அரசு அறிவித்தது. சட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமல், அந்தக் கேள்விக்கு ஒரு மரியாதையைச் சேர்த்தது அது.

இதே வித்தையின் மோசமான முகம் நம் செல்போனில் இருக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்று சொல்லப் போனால், 'பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கூச்சத்திலேயே பாதிப் பேர் பணம் கட்டிவிட மாட்டார்களா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. நாம் கேட்காத பொருளைக் கடைசி நேரத்தில் கூடையில் நுழைப்பதும் அதில் ஒன்று. அண்ணாச்சி அதை ஒருநாளும் செய்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு பேசுகிறேனே, போன வாரம் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். சட்டைப்பையில் பெட்ரோலுக்கென்று இருநூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தேன். குழாயைக் கையில் பிடித்தபடி அந்தப் பையன் கேட்டான்: "ஐநூறா சார், ஆயிரமா?"

"ஐநூறு போடுப்பா" என்றேன். சிக்கனமாக முடித்துக்கொண்ட திருப்தியோடு சிக்னல் வரை வந்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.