கவிழ்த்தால் போதாது, தேய்க்கணும்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981ல் சாமி வந்துவிட்டார். பாலாறு? 2021 நவம்பரில் கரை புரண்டது. மற்றபடி பெரும்பாலும் மணல்தான். அந்த மணலுக்கும் டெங்குவுக்கும் சம்பந்தம் உண்டு என்று, சுகாதார ஆய்வாளராக இருந்த நாளெல்லாம் வீடுவீடாகச் சொல்லியிருக்கிறேன்.

மழை பெய்தால் கொசு வரும். பெய்யாவிட்டாலும் வரும்! ஆறு வறண்டால் குழாயில் எப்போதோ ஒருநாள்தான் தண்ணீர். டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா என்று பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

கொசப்பேட்டையில் ஒரு பெரியம்மா. "கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி, இதுல புழுவா?" என்றார். டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. அந்தம்மா ஒன்றும் பேசாமல் டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவு தண்ணீர்! எனக்கே வயிறு எரிந்தது. ஒரு மாதம் கழித்துப் போனால் மறுபடியும் புழு. "கவுத்தேனே தம்பி!" கவிழ்த்தார், தேய்க்கவில்லை. தண்ணீர் மட்டத்தை ஒட்டி, டிரம்மின் உட்புறத்தில் கரும்புள்ளியாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரியும். தேங்காய் நார் போட்டுத் தேயுங்கள். மறுபடி சொல்கிறேன், கவிழ்த்தால் போதாது.

வெயிலுக்கு வருகிறேன். கத்திரியில் கொசுவே செத்துவிடாதா என்பீர்கள். நம்மூர் அக்னி வெயில் அதற்கும் ஆகாதுதான். முட்டை காத்திருக்குமே! கவலை அதற்கப்புறம் வரும் புழுக்கத்தில்தான். டெங்கு வந்தவரைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பாது. கிருமி அதன் வயிற்றிலிருந்து எச்சிலுக்கு வந்து சேர வேண்டும். 25 டிகிரியில் அதற்குச் சுமார் இரண்டு வாரம், 30 டிகிரியில் சுமார் ஒரு வாரம். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். அதில் ஒரு வாரம் மிச்சமானால் எத்தனை பேரைக் கடிக்கும், கணக்குப் போடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூளைக்காய்ச்சலுக்கு வரவே இல்லையே! ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1955ல், வேலூர் அப்போது இருந்த நம் வடார்க்காடு மாவட்டத்தில்தான். அது வயல் கொசு. பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் கிருமியை எடுத்து வரும். மழை முன்பின்னாகி நடவு மாறினால் அந்தக் கொசுவின் பருவமும்... சரி, சரி, முடித்துக்கொள்கிறேன். வணக்கம்.