பெரியப்பா போட்ட ‘சரி’

(‘குடும்ப உறவை வளர்ப்பது நேர்ப்பேச்சா, கைப்பேசிக் குழுவா?’ என்ற சிங்கப்பூர்ப் பட்டிமன்றத்தில், ‘நேர்ப்பேச்சே’ அணியின் மூன்றாவது உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது ஆறு நிமிடம். நேரே வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

எதிரணித் தங்கை ஒரு போடு போட்டுவிட்டு அமர்ந்தார். “நேரில் பேசினால் சண்டைதான் வரும். குழுவில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டால் குடும்பமே சமாதானம்” என்றார். இந்தச் சமூக மன்றமே அதிரும்படி கைதட்டினீர்கள். எழுதிக் கொண்டுவந்த குறிப்புகளை அப்போதே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

எங்கள் வீடு ஈசூனில். பெரியப்பா வீடு அங் மோ கியோவில். ரயிலில் மூன்றே நிறுத்தம். 2019 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா குடும்பக் குழுவில் செய்தி போட்டார்: “தீபாவளி மதியச் சாப்பாடு நம் வீட்டில். எல்லோரும் வந்துவிடுங்கள்.” குழுவில் 32 பேர். பூங்கொத்து, மத்தாப்பு, குத்துவிளக்கு என்று படங்கள் வந்து கொட்டின. பெரியப்பா மட்டும் ஒரே ஒரு சொல் போட்டார். “சரி.”

நடுவர் அவர்களே, நம் வாயில் இந்தச் சரி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா? “சரிப்பா” என்றால் சம்மதம். “சரி சரி” என்றால் ஆளை விடு. “சரீ...” என்று இழுத்தால் சலிப்பு. வெட்டிச் சொன்னால் கோபம். பெருமூச்சோடு வந்தால் எல்லாம் தலைவிதி. கேள்வியாக உயர்ந்தால், அப்புறம் என்ன ஆயிற்று, மேலே சொல். காதில் விழுந்தால் இவை ஆறு சரி. கைப்பேசியில் எல்லாமே ச, ரி, ஒரு முற்றுப்புள்ளி.

அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு எங்கள் சமையலறையில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. “வருகிறேன் என்கிறார்” என்றார் அம்மா. “வருகிறவர் வருகிறேன் என்று எழுதமாட்டாரா?” என்றார் அப்பா. இரவு பதினொரு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு மறுபடியும் அந்தச் சொல்லைப் பார்த்தார். ஒரு தடவை தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அங் மோ கியோவில் நடந்ததைக் கேளுங்கள். பெரியப்பா பஸ் ஓட்டுநர். முனையத்தில் பத்து நிமிட ஓய்வில், கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தியைப் பார்த்தேன் என்பதற்காக அந்தச் ‘சரி’யைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். பிறகு காத்திருந்தார். எதற்கு? தம்பி வீட்டுக்கு வந்து, “அண்ணே, வந்துவிடுங்கள்” என்று ஒரு வார்த்தை கூப்பிடுவதற்கு. 32 பேருக்குப் பொதுவாகப் போட்டதை அவர் அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளியன்று மதியம் இரண்டு மணிவரை பெரியப்பாவுக்குப் போட்ட இலை காலியாகவே கிடந்தது. அம்மா அதை எடுக்கவும் இல்லை, அதில் பரிமாறவும் இல்லை. “சரி என்றாரே!” என்றார் அப்பா. “கூப்பிடவில்லையே!” என்று அங்கே பெரியப்பா. ஏழு மாதம் அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஏழு மாதமும் குழுவில் காலை வணக்கப் பூ தவறாமல் வந்துகொண்டிருந்தது!

தங்கையே, நீங்கள் சொன்னபடி சண்டை வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே கத்தித் தீர்த்துவிட்டு, மாலையில் தேக்காவில் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்திருப்பார்கள்.

அந்த 32 பேரில் அப்பத்தாவும் ஒருவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரப்பிள்ளைகள் குழுவில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார்கள். கணக்கில் ஒரு தலையாக இருக்கும் அப்பத்தாவுக்கு அங்கே வாய் இல்லை. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்டது வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று. எதைத் தட்டுகிறீர்கள் என்று கேட்கவில்லை. அப்பத்தாவோடு பேசும் பிள்ளைதான் அந்தக் கணக்கில் ஏறும்.

“2020இல் கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, குழுதானே காப்பாற்றியது?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயம், மறுக்கமாட்டேன். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 56 நாள். ஞாயிறுதோறும் காணொளியில் அப்பத்தாவைப் பார்த்தோம். ஆனால் ஜூன் 2ஆம் தேதி கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தபோது, பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. நாளுக்கு இரண்டு பேர்தான், இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். குழு போதும் என்றால் அந்த அனுமதி எதற்கு?

அன்றைக்கே அப்பாவும் நானும் கிளம்பினோம். அப்பத்தா இருப்பது பெரியப்பா வீட்டில். மின்தூக்கியில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தவர் பெரியப்பா. இருவர் முகத்திலும் முகக்கவசம். “வா” என்றார். ஓரெழுத்து, நடுவர் அவர்களே! அந்த ஓரெழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. “அண்ணே” என்றார் அப்பா. அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை.

அப்பத்தா நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களால் சுற்றி அளந்து பார்த்தார். எட்டு ஞாயிறு காணொளியில் பார்த்த மகன்தான். “என்னடா இப்படி இளைத்துவிட்டாய்?” என்றார்.

பெரியப்பா உள்ளே திரும்பி, “இன்னும் இரண்டு தட்டு எடுத்து வை” என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

வணக்கம்.