ஆயிரம் மேட்ச் ஆடிய ஒரு டிஃபென்டர்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் பேசப் போகிறேன். இங்கிலாந்து கால்பந்தின் உச்ச டிவிஷன் பிரீமியர் லீக் இருக்கிறதே, 'அதில் ஆடாதவனெல்லாம் ஒரு பிளேயரா' என்று ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியும்: எனக்கு எதிரணியைக் கோல் அடிக்க விடாமல் தடுக்கிற டிஃபென்டர்தான் முதலில், அதிலும் கீழ் டிவிஷனில் சேற்றில் உருண்டு ஆடுகிறவர்கள் என்றால் உயிர்.

கிரஹாம் அலெக்சாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபென்டர். 1991-ல் நான்காம் டிவிஷனில் இருந்த ஸ்கன்தார்ப் அணியில் தொடங்கி, லூட்டன், பிரெஸ்டன், அப்புறம் பர்ன்லி. பிரெஸ்டனில் இருந்தபோது 2001, 2005 என இரண்டு முறை பிளே-ஆஃப் ஃபைனல், அதாவது மேல் டிவிஷனுக்குப் போகும் கடைசி இடத்துக்கான மேட்ச் வரை வந்து தோற்றார்கள். ஜெயித்திருந்தால் நேராகப் பிரீமியர் லீக், ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடைசியில் 2009-ல் பர்ன்லியோடு மேலே போனபோது வயது 37! போனதும் சும்மா பெஞ்சில் உட்காரவில்லை, ஹல் சிட்டியை 2-0 என்று ஜெயித்தார்களே, அந்த இரண்டு கோலும் இவருடையதுதான்.

டிஃபென்டர் எப்படிக் கோல் அடிக்கிறார் என்றால், அட, அதைச் சொல்லாமலே தாண்டிவிட்டேன், பெனால்டி! பந்தை வைப்பார், ஓடி வருவார், ஓங்கி ஒரே அடி, அவ்வளவுதான். இப்போது குதித்துக் குதித்து, நின்று, கோல்கீப்பரைப் பார்த்து, மறுபடி குதித்து ஓடி வருகிறார்களே, எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. உனக்குப் பந்தை அடிக்க வேண்டுமா, நடனம் ஆட வேண்டுமா? இவருடைய பழைய பெனால்டிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், கோல்கீப்பர் சரியான பக்கம் பாய்ந்தாலும் பெரும்பாலும் பந்து அவரைத் தாண்டிப் போயிருக்கும்.

ஸ்காட்லாந்தையும் விட்டுவிட்டேன் பாருங்கள். பிறந்தது இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், ஆனால் ஸ்காட்லாந்துக்காக 40 மேட்ச் ஆடியிருக்கிறார், முதல் மேட்ச் 2002-ல், முப்பது வயதில்.

2011 ஏப்ரலில் ஆயிரமாவது மேட்ச். அதில் பெரும்பகுதி பெரிய டிவி கேமராக்கள் எட்டிப் பார்க்காத டிவிஷன்களில். 2012-ல் மறுபடி ஸ்கன்தார்ப், விடைபெறும் மேட்ச், இஞ்சுரி டைமில், அதாவது கடைசியில் கூட்டித் தரும் நிமிடங்களில் ஒரு ஃப்ரீ கிக், வயது நாற்பது, அடித்தார், கோல்!

இப்போது சொல்லுங்கள், இவர் பிளேயர் இல்லையா? உங்களுக்குத் தெரிந்த கீழ் டிவிஷன் டிஃபென்டர் பெயரைக் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோ அவரைப் பற்றித்தான்.